தன்மை ஒருமை

புதன்கிழமை எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற முறை.
பூர்க்டோர்ஃப். ஐந்து மாடிக் கட்டடம், நிலக்கீழ் அறை.
பிள்ளைகளுக்குக் கேட்காத இடம் அது ஒன்றுதான்.
மெஷினைப் போட்டுவிட்டு, கூடையைக் கவிழ்த்து அதில் இருந்து
தொலைபேசியில் மொழிபெயர்க்கிறேன்.
எனக்குப் பெயரில்லை. இலக்கம் நாற்பத்தொன்று.

அந்தப் பக்கம் இரண்டு பேர்.
ஆலோசகர் பேனா மூடியைக் கடிப்பது கேட்கும்.
மற்றவள், விலாசம் சொல்லக்கூடாத ஒரு வீட்டில்.
மடியில் குழந்தை. அதுவும் சத்தமாய்த்தான் தெரியும்.

விதி இதுதான்:
அவள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.
"அவள் சொல்கிறாள்" என்று தள்ளி நிற்கக்கூடாது.

முதலில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் எந்த இடம்?"
கேட்பதையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டும், பெயர்த்தேன்.
ஆலோசகர் சிரித்தார். "இலக்கத்துக்கு ஊர் இல்லை."
அவள் சிரிக்கவில்லை.
என் மச்சாளின் புருஷன் அவளுடைய புருஷனோடு
ஒரே றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறானா,
தேருக்கு ஒரே வடம் பிடிக்கிறானா,
இந்தக் குரல் எந்தக் கலியாண வீட்டுப் பந்தியில்
யார் வாயில் பரிமாறப்படும்:
அவள் கேட்டது அதை.
சொல்லாததை மொழிபெயர்க்க எனக்கு அனுமதியில்லை.

"அவர் கை நீட்டினவர்" என்றாள்.
ஜேர்மன்காரர் கை நீட்டுவது சமாதானத்துக்கு.
ஒரு கணம் அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றேன்.
பிறகு சொன்னேன்: அடித்தார். என்னை.
"எத்தனை தரம்?"
"சம்பளம் வந்த கிழமையில் இல்லை."

அவர் எழும்ப முதல் தேத்தண்ணி இருக்கவேணும்,
அவர் என்ரை வதிவிட அட்டையைக் காருக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறார்,
விட்டிட்டுப் போனால் பிளேன் ஏத்துவாங்கள் எண்டு சொன்னவர்.
ஒவ்வொரு அடிக்கும் ஒரு "ர்".
ஜேர்மனில் அந்த மரியாதை எங்கோ தவறிவிடுகிறது,
மெஷினுக்குள் போய்த் திரும்பி வராத ஒற்றைக் காலுறை மாதிரி.
ஆலோசகரிடம் போய்ச் சேர்வது வெறும் ஆண் ஒருவன்.

"அட்டையை எடுக்கலாம். கடிதம் சேர்ந்து எழுதுவோம்.
வைத்தியர் எழுதினது ஏதும் இருக்கா?"
பற்வைத்தியர் எழுதினது இருந்தது.

மூன்றாவது புதன். பால்மா எந்தக் கடையில் மலிவு
என்ற பேச்சுக்கு நடுவில் சொன்னாள்:
"அவன் ஒருநாளும் என்னைக் கடைக்கு விட்டதில்லை."

அவன்.

மெஷின் வேகமாய்ச் சுழலத் தொடங்கியிருந்தது.
"ஹலோ? நாற்பத்தொன்று? கேட்கிறதா?"
நடந்ததைச் சொல்ல அந்த மொழியில் இடமில்லை.
"மன்னிக்கவும்" என்றேன். கடையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நாலாவது புதன், திரும்பவும் "அவர்".

அன்றைக்குத்தான் திருமதி லூட்டி கதவடியில் நின்றது.
பஞ்சுவலையைத் துடைக்கவில்லை என்று
ஏழு வருஷமாய் எனக்குத் துண்டு எழுதி ஒட்டுகிறவர்.
என் வாய் அந்நேரம் நல்ல ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தது:
"இரவில் கதவைப் பூட்டவும் பயம், பூட்டாமல் விடவும் பயம்."
கூடையை நிலத்தில் வைத்தார்.
வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனார்.

பின்னேரம் மணி அடித்தது.
தன் ஊர்ப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு,
எனக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாய்,
மகனின் அறை சும்மா கிடப்பதாகச் சொன்னார்.
உள்ளே என் கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.
என் தோளுக்கு மேலால் அவர் அந்தக் கத்தியைப் பார்த்தார்.

அது நானில்லை என்று சொல்லலாம்.
அப்படியென்றால் யார் என்பார்.

கை நீட்டினார். அதில் ஒரு திறப்பு.

வாங்கினேன்.

"ஆர் வந்தது?" குசினிக்குள்ளிருந்து அவர் கேட்டார்.
தோய்க்கிற முறை மாத்த வந்தவா, என்றேன்.